மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க

அந்தத் தெருவில் யாருடைய மோவாய் எப்படி என்பது அவரவர் வீட்டுக் கண்ணாடியைவிடப் போட்டோக்காரனுக்கு நன்றாகத் தெரியும்.

பாஸ்போர்ட்டுக்கோ, அடையாள அட்டைக்கோ, வேலை விண்ணப்பத்துக்கோ, எதற்கு வந்தாலும் திருகு ஸ்டூலில் உட்கார்ந்ததும் மனிதர்கள் செய்கிற முதல் காரியம் மோவாயைத் தூக்குவது. யாரோ சண்டைக்குக் கூப்பிட்ட மாதிரி தூக்குவார்கள். தூக்கியதை இறக்குவதுதான் அவன் பிழைப்பு. வயதானவர்களிடம் "மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க" என்பான். கல்லூரிப் பிள்ளைகளிடம் மோவாய் என்றால் சிரிப்பார்கள், அவர்களுக்குத் தாடை. சிலருக்கு நாடி என்று சொன்னால்தான் விளங்கும். அதையே வேறு சிலரிடம் சொன்னால் மணிக்கட்டை நீட்டுவார்கள். எதுவுமே விளங்காதவர்களுக்குத் தன் மோவாயைத் தொட்டுக் காட்டுவான்.

ரெட்டை மோவாயை ஒற்றையாக்கித் தரச் சொல்லி லாரி டிரைவர் கெஞ்சியிருக்கிறார். நாலு முடி முளைத்த மோவாயைத் தடவிக்கொண்டு, "தாடி தெரியிற மாதிரி எடுங்க" என்று கேட்டவன் உண்டு. வீட்டில் சண்டை போட்ட கையோடு வருகிறவர்களின் மோவாய் எந்த வார்த்தைக்கும் இறங்காது. அவர்களை ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்வான்.

இறங்காத மோவாய் ஒன்றை அவன் கல்யாணமே செய்துகொண்டான். தேர்வு விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்க வந்தவள் அவள். இறக்குங்க என்று எத்தனை தரம் சொல்லியும் அசையவில்லை. கடைசியில், "சார், இது இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. நீங்க வேணா கேமராவைத் தூக்கிக்கங்க" என்றாள். அவன் கேமராவைத் தூக்கினான். பிறகு வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும் அவன்தான் கேமராவைத் தூக்குகிறவன் என்று ஆயிற்று.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. மகளுக்கு அப்போது மூன்று வயது. பிறந்தபோது முகத்தில் எல்லாமே சின்னதாக, மோவாய் இருக்கிற இடமே தெரியாமல் ஒரு சில்லு மாதிரி இருந்ததால் சில்லு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகு அவனிடம் மிஞ்சியது 'சரி' என்ற ஒரு சொல். சாப்பிட்டாயா என்றால் சரி. மழை வருகிறது என்றால் சரி. கடைக்கு வருகிறவர்களிடம் பேச வேண்டியதைப் பேசினான். கை தன் வேலையைச் செய்தது. தாடி அதுவாக வளர்ந்தது. வாடகை வீடு, கடை, பள்ளிக்கூடம் என்று மூன்று இடங்களுக்குள் சைக்கிள் தானாகப் போய் வந்தது.

மனைவிக்கு ஒரே அக்கா. மனைவி அப்படிக் கூப்பிட்டதால் அவனுக்கும் அக்கா. பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை. அழுகிற பிள்ளைகளின் மோவாயைப் பிடித்து, அவர்களுக்கே தெரியாமல் வாயைத் திறக்க வைத்துவிடுவாள். அவள் கணவர், அவனுடைய சகலை, கிரேன் ஓட்டுகிறவர். எவ்வளவு உயரத்தில் வேலையோ அவ்வளவு உயரத்துக்குச் சத்தம் போட்டுப் பேசுவார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சில்லு இரண்டாம் வகுப்புக்குப் போகிற சமயத்தில் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் சகலைக்கு வேலை கிடைத்தபோது இருவரும் ஒருநாள் வீட்டுக்கு வந்தார்கள்.

"சில்லுவை நாங்க கூட்டிட்டுப் போறோம் தம்பி" என்றாள் அக்கா. "அங்க நல்ல ஸ்கூல் இருக்கு. நானும் வேலைக்குப் போக மாட்டேன், கூடவே இருப்பேன். நீ தனியா எவ்வளவுதான் பார்ப்ப."

"சரி."

"லீவு கிடைக்கிறப்ப வந்து பாரு."

"சரி."

"அவசரப்படாத. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"சரி."

சகலை அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். "யோவ் சகலை, உன் வீட்டைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவ போலிருக்கே. தெரிஞ்சிருந்தா சைக்கிளையும் சேர்த்துக் கேட்டிருப்பேன்."

அவன் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிக்கவில்லை.

அப்புறம் யோசித்தான். யோசித்த வரைக்கும் அக்கா சொன்னது நியாயமாகவே பட்டது. அவன் வைக்கிற ரசத்தில் உப்பு இருக்காது, அல்லது அது மட்டும்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டி என்று சொன்ன நாளை மறந்துபோனான். சில்லு அம்மாவைத் தேடுகிறாள்; அம்மாவின் ஜாடையில் இருக்கிற பெரியம்மாவிடம் போனால் அந்தத் தேடல் கொஞ்சம் அடங்கும். தன்னிடம் இருந்து அவளுக்கு ஆகப்போவது என்ன என்று கேட்டுப் பார்த்தான். பதில் வரவில்லை. ஆகவே சரிதான்.

பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். அதற்குப் போட்டோ வேண்டும். இதற்காக வேறு கடைக்கா போவார்கள்?

தெருவில் யாருக்கு எடுத்த போட்டோவையும் எந்த அலுவலகமும் திருப்பி அனுப்பியது கிடையாது என்று பெயர் வாங்கியவன் அவன். சில்லுவின் போட்டோ திரும்பி வந்தது. கவுண்டரில் இருந்த அம்மாள் அவனுக்குப் பழக்கம்தான்.

"என்ன சார், நீங்க எடுத்ததா இது? பிள்ளை கூரையைப் பார்க்குது. கண்ணு வேற பாதி மூடியிருக்கு."

அவன் போட்டோவை வாங்கிப் பார்த்தான். சில்லு நேராகத்தான் இருந்தாள். மறுபடி பார்த்தான். மோவாய் மேலே தூக்கி, கழுத்து நீண்டு, இமை செருகி இருந்தது. முதல் தடவை பார்த்தபோது அது ஏன் கண்ணில் படவில்லை என்று விளங்கவில்லை.

கடைக்கு வந்து மறுபடி எடுத்தான். "மோவாயை இறக்கு" என்றால் இறக்கினாள். அவன் கேமராவுக்குப் பின்னால் போய்க் குனிந்து அவளைப் பார்த்ததும் அது மெல்ல மேலே ஏறியது. எத்தனை தரம் என்றாலும் அதே கதை. கடைசியில் இடது கையை நீட்டி, ஒற்றை விரலை மோவாயின் மேல் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் எடுத்தான். கம்ப்யூட்டரில் விரலை அழித்தான். அழித்த இடம் தெரியாது. ஆனால் அலுவலகத்து இயந்திரத்துக்குத் தெரிந்துவிட்டது. படம் திருத்தப்பட்டிருக்கிறது என்று அதுவும் திரும்பி வந்தது.

அக்காவிடமிருந்து போன் வந்தது. "ஊருக்கெல்லாம் மோவாயை நேர் பண்ணி அனுப்புற. சொந்தப் பொண்ணோட மோவாய் மட்டும் நேராக மாட்டேங்குதா?"

"தூக்கிக்கிறா அக்கா."

"தூக்கினா இறக்கு. நான் ஞாயித்துக்கிழமை வர்றேன். நானே இறக்குறேன்."

சொன்னபடி வந்தாள். பின்னாலேயே சகலையும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கு விடுமுறை என்பதால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சகலை குனியாமல் நுழைந்து தலையில் இடித்துக்கொண்டார். உள்ளே வெள்ளைத் திரை, இரண்டு குடை விளக்கு, திருகு ஸ்டூல். ஸ்டூலை உயர்த்திச் சில்லுவை உட்கார வைத்திருந்தான். அவள் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா முதலில் பார்த்தது தலையை.

"இது என்னடி, பின்னலா? ஒண்ணு கிழக்கே போகுது, ஒண்ணு மேக்கே போகுது."

"அப்பா போட்டாங்க" என்றாள் சில்லு.

"அதான் தெரியுதே. உங்கப்பாவுக்குக் கேமரா வயரைச் சுத்தித்தானே பழக்கம்."

"அவனைச் சொல்லாத" என்றார் சகலை. "கல்யாணமான புதுசுல உன் தலையை நான் பின்னிவிட்டது மறந்துபோச்சா?"

"மறக்கத்தான் பார்க்கிறேன்." அக்கா கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, இரண்டு பின்னலையும் அவிழ்த்தாள். வழக்கம்போல இடது கையால் சில்லுவின் மோவாயைப் பிடிக்கப் போனாள். ஆமை தலையை இழுத்துக்கொள்கிற மாதிரி மோவாய் நெஞ்சுக்குள் போனது.

"தலையை நிமிர்த்து கண்ணு."

நிமிரவில்லை.

"அப்பா எடுக்கிறப்ப கூரையைப் பார்க்கிறவ, நான் வாரினா தரையைப் பார்க்கிறியா? கையில ஊசியோட நிக்கிற டாக்டருக்கே எல்லாப் பிள்ளைங்களும் நான் பிடிச்சா மோவாயைக் குடுக்குது. நான் சீப்புதானே வச்சிருக்கேன்?"

சில்லு நெஞ்சுக்குள்ளிருந்து பேசினாள். "நீங்க பின்னல் போடுங்க பெரியம்மா. மோவாயை அப்பா பிடிப்பாங்க."

"யார் பிடிச்சா என்னடி?"

"நீங்க பின்னல். அப்பா மோவாய்." கடை வேலையைப் பங்கு பிரிக்கிற மாதிரிச் சொன்னாள்.

சகலை வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா போட்டோக்காரனைப் பார்த்தாள். அவன் விளக்கை விட்டு வந்து, ஸ்டூலுக்கு முன்னால் நின்று, உள்ளங்கையை நீட்டினான்.

காலையில் ஜன்னலோரம் நடக்கிற வேலைதான் இது. அவன் கட்டில் விளிம்பில் உட்காருவான். அவள் முன்னால் வந்து நிற்பாள். இடது கையை நீட்டினால் மோவாயைத் தூக்கி அதில் வைப்பாள். வைப்பது என்றால் சும்மா தொட்டுக்கொண்டிருப்பது அல்ல. கண்ணை மூடி, தலையின் முழுக் கனத்தையும் அவன் கையில் இறக்கிவிடுவாள். சில நாள் வகிடு எடுத்து முடிப்பதற்குள் அப்படியே தூங்கிப்போவாள். கை வலித்தாலும் எடுக்க மாட்டான். பள்ளிக்கு நேரமாகிவிடும்.

இப்போதும் அப்படித்தான் வைத்தாள். கூர்மையான சின்ன மோவாய் உள்ளங்கையின் குழியில் உட்கார்ந்தது. கண் செருகியது. அக்கா பின்னாலிருந்து வார ஆரம்பித்தாள். அவனுக்கு எதிரே, அந்தச் சின்னத் தலைக்கு மேலே, அக்காவின் முகம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தங்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

இந்த முகம்தான் முதல் போட்டோவில் இருந்தது. அவன் அவளை நின்று பார்க்கிற நேரம் இது ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம் அவள் சைக்கிளின் பின்னால் இருப்பாள், அல்லது தட்டுக்கு மேல் குனிந்திருப்பாள், அல்லது அவன் வேறெங்கோ இருப்பான். அதனால்தான் கூரையைப் பார்க்கிற முகம் அவனுக்கு நேரான முகமாகத் தெரிந்திருக்கிறது. கேமராவுக்குப் பின்னால் அவன் குனிந்ததும் அவள் மோவாயைத் தூக்கியதும் அதனால்தான். அப்பா பார்த்தால் அடுத்தது கை வரும்.

இதெல்லாம் அவளுடைய அம்மா பழக்கிவிட்டுப் போனது என்று நினைத்திருந்தான். அம்மாவின் கைக்காகத்தான் தூக்குகிறாள் என்று நினைத்து, அதைப் பற்றிப் பேசாமலே இருந்தான். அவள் தேடியது அவன் கையை.

"பெரியம்மா" என்றாள் சில்லு, கண்ணைத் திறக்காமல். "அங்க போனா உங்களுக்கு ரெண்டு கையும் பின்னலுக்கு வேணும் இல்ல?"

"ஆமா."

"அப்ப மோவாயை எதுல வைக்கிறது?"

அக்காவின் சீப்பு நின்றது. சகலைதான் பதில் சொன்னார். "பெரியப்பா ஒரு மேசை வாங்கித் தர்றேன். சரியா உன் மோவாய் உயரத்துக்கு."

சில்லு யோசித்தாள். "மேசை கெட்டியா இருக்கும்" என்றாள்.

"மேல ஒரு தலைகாணி போட்டுக்கலாம்."

"அது சறுக்கும்."

"இவளுக்கு வக்கீல் வேலைதான்" என்றார் சகலை. வழக்கமான சத்தத்தில் சொல்லவில்லை.

பின்னல் முடிந்தது. இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே கனத்தில், கடையில் விற்கிற பொம்மைக்குப் போட்டது போல இருந்தன. அவன் கேமராவுக்குப் பின்னால் போய்க் குனிந்தான். மோவாய் மேலே ஏறத் தொடங்கியது.

"சில்லு" என்றான். "தலை வாரியாச்சு."

அவ்வளவுதான். அவள் கண்ணைத் திறந்தாள். மோவாய் தானாக இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. அவன் பொத்தானை அழுத்தினான்.

நாலு பேரும் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். படம் திரையில் வந்தது. கண் நேராக, வாய் மூடி, காது இரண்டும் தெரிய, பின்னால் நிழல் இல்லாமல். எந்த நாட்டு அலுவலகமும் ஒரு வார்த்தை சொல்ல முடியாத போட்டோ.

சகலை மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்தார். "அட, எல்லாரும் அம்மா ஜாடைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சோம். இது யார் மோவாய்னு பாரு. யோவ் சகலை, உன் தாடிக்குள்ள காணாமப் போனது இங்கதான் இருக்கு."

அவன் பார்த்தான். நடுவில் லேசான பள்ளம், இடப்பக்கம் ஒரு துளி கூடுதல். தினமும் தன் கையில் வைத்திருந்தும் அதை இப்படி நேராக அவன் பார்த்ததில்லை. இந்த முகம் மூன்று வயது முகம் இல்லை. இடையில் அது எப்போதோ மாறியிருந்தது. அவன் பக்கத்திலேயே இருந்திருக்கிறான்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றாள் அக்கா. "இதையே அனுப்பிடு தம்பி."

எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

"வேண்டாம்" என்றான்.

"ஏன், வெளிச்சம் அதிகமா இருக்கா?"

"வெளிச்சம் சரியாத்தான் இருக்கு. அனுப்ப வேண்டாம்."

"போட்டோவையா?"

"சில்லுவை."

சகலை சில்லுவைத் தூக்கிக்கொண்டு, "வா, பெரியப்பா இடிச்ச ஷட்டர்ல பள்ளம் விழுந்திருக்கான்னு பார்ப்போம்" என்று வாசல் பக்கம் போனார்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். அது பிள்ளையின் உயரத்துக்குத் திருகி வைத்தது. அவள் கால் தரையில் எட்டாமல் தொங்கியது.

"அவளுக்குக் கட்டில்கூடப் பார்த்து வச்சாச்சு தெரியுமா? நீலக் கலர் கேட்டாளேன்னு உன் சகலை அந்த ஊர்க் கடை கடையா போன்ல விசாரிச்சார்." சீப்பைக் கைப்பைக்குள் போட்டாள். "இதை அப்பவே சொல்றதுக்கு உனக்கு என்ன?"

"நீங்க கேட்டப்ப எனக்கு எதுவும் காதுல விழல அக்கா. வாய் மட்டும் சரின்னு சொல்லிச்சு."

"இப்ப மட்டும் விழுதா?"

"கொஞ்சம்."

"பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவ?"

"பயப்படுவேன்."

"அதைக் கேக்கல."

"தூக்கிட்டு ஓடுவேன். உங்களுக்குப் போன் பண்ணுவேன். நீங்க திட்டுவீங்க."

"திட்டுவேன்தான். ரசத்துல உப்பு?"

"அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்த வாய் அப்படியே கோணியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலில் இருந்தபடியே கையை நீட்டி, அவன் தாடிக்குள் விரலை விட்டு மோவாயைப் பிடித்தாள். பல் ஆஸ்பத்திரிப் பிடி. அவன் தலை தானாக நிமிர்ந்தது.

"இங்க பாரு. எவ்வளவு நாளாச்சு இந்த மூஞ்சியைப் பார்த்து. என் தங்கச்சி போனதோட நீயும் போயிட்டேன்னு நினைச்சேன். அதான் பிள்ளையையாவது கொண்டு போயிடலாம்னு பார்த்தேன்."

மோவாய் அவள் கையில் இருந்தது. கண்ணிலிருந்து இறங்கியது தாடிக்குள் போய் அவள் விரலில் நின்றது. அவள் அதைத் துடைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"கோபம் இருக்கு எனக்கு" என்றாள்.

"இருக்கட்டும் அக்கா."

"லேசுல போகாது."

"சரி."

"மறுபடியும் சரியா" என்று மோவாயை ஓர் ஆட்டு ஆட்டி விட்டாள்.

வாசலிலிருந்து சகலையின் குரல் வந்தது. "உள்ள வழக்கு முடிஞ்சுதா? தீர்ப்பைச் சத்தமாச் சொல்லுங்க. இவ தூங்குறா, என் கை மரத்துப்போச்சு."

"கிரேன்ல இரும்பு தூக்குறவருக்கு ஒரு பிள்ளையைத் தூக்க முடியலையா?" என்றாள் அக்கா.

"கிரேன்தானே தூக்குது. நான் பொத்தான் அழுத்துறவன்."

போட்டோக்காரன் போய் மகளை வாங்கிக்கொண்டான். தூக்கத்திலேயே அவள் இடம் தேடி, அவன் தோளில் முகத்தைப் பதித்தாள். அக்கா விளக்குகளை அணைத்தாள். எது எந்த சுவிட்ச் என்று கேட்டுக் கேட்டு அணைத்தாள். திரையில் படம் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் அவனைப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஒண்ணு பெரிசா போட்டுத் தர்றேன்" என்றான்.

"ஒண்ணா? கட்டில் இருக்கிற சுவர் பூராவும் வேணும். நீ அழைச்சிட்டு வர்ற வரைக்கும் அந்த ரூம் வேற யாருக்கும் கிடையாது."

"லீவுக்கு வருவோம்."

"வருவோம்னு சொன்னானா?" என்று சகலை கேட்டார். "நம்ம சகலைதானா? நல்லாப் பாரு, ஆள் மாறிட்டானா?"

தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. மகளைத் தூக்கியிருந்ததால் ஒரு கையால் ஷட்டரை இழுத்தான். அது பாதியில் மாட்டிக்கொண்டது. அக்கா அவனை விலக்கிவிட்டு இரண்டு கையாலும் இழுத்து அடித்துச் சாத்தினாள். அந்தச் சத்தத்தில் சில்லு அசைந்து, மோவாயைத் தூக்கி, அவன் தோள் எலும்பின் மேல் வேறு பக்கமாக ஊன்றினாள்.

"குத்துதா?" என்று கேட்டாள் அக்கா.

"குத்துது."

அக்கா சைக்கிளைப் பிடித்து உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.